கட்டடக் கலை படிக்கப் போன கெகுலே

பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தரப்படுவது, கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்பதுதான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதைப் பெரும்பாலும் வரைந்தே புரிந்துகொள்ளலாம். இந்தப் பாடத்தைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் ஆகஸ்ட் கெகுலே. அவர் படிக்கப் போனது என்னவோ கட்டடக் கலை.

1829 செப்டம்பர் 7ஆம் தேதி டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். வரைவதில் கைதேர்ந்தவர். 1847இல் கீசன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், அங்கே லீபிக்கின் வேதியியல் விரிவுரைகளைக் கேட்டதும் மனம் மாறினார். வீட்டார் உடனே சம்மதிக்கவில்லை. சில மாதம் ஊருக்குத் திரும்பி யோசிக்கச் சொன்னார்கள். யோசித்தார், முடிவு மாறவில்லை. லீபிக்கிடமே திரும்பிப் போய்ப் படித்து, 1852இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அன்றைய கரிம வேதியியல் ஒரு மனப்பாடக் காடு. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு சூத்திரம் எழுதினார்கள். வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 சூத்திரங்கள் இருந்ததைக் கெகுலே தம் பாடநூலில் வரிசையாகக் காட்டியிருக்கிறார். மாணவர் எதைப் படிப்பது?

1858இல் அவர் எழுதிய கட்டுரை வழி திறந்தது. கார்பனுக்கு இணைப்புகள் நான்கு. கார்பனோடு கார்பனும் கைகோத்துச் சங்கிலியாக நீளும். அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் ஆர்ச்சிபால்ட் கூப்பரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய கட்டுரை சற்றுப் பிந்தி வெளிவந்தது. பெயர் கெகுலேக்குப் போனது. கூப்பருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டே கெகுலே பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1862இல் ஸ்டெஃபனியை மணந்தார். மறு ஆண்டே, மகன் பிறந்த கையோடு மனைவி இறந்துபோனார். கைக்குழந்தையோடு தனித்து நின்ற மனிதர்தான் 1865இல் பென்சீன் புதிரை அவிழ்த்தார்.

பென்சீனில் கார்பன் 6, ஹைட்ரஜன் 6. எந்த ஹைட்ரஜனை எடுத்துவிட்டு வேறோர் அணுவை வைத்தாலும் கிடைப்பது ஒரே பொருள். சங்கிலியில் நுனி வேறு, நடு வேறு, அப்படி வராது. கெகுலே இரு நுனிகளையும் இணைத்து வளையமாக்கினார். எல்லா இடமும் சமமாயிற்று.

தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கணப்பருகே கண்ணயர்ந்தபோது கண்டதாக, 1890இல் பெர்லினில் நடந்த பாராட்டு விழாவில் அவர் சொன்ன கதைதான் இன்று எல்லாருக்கும் தெரிகிறது. அந்தக் கனவுக்கு முன்னால் இருந்த பல ஆண்டு உழைப்பை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

1867 முதல் பான் நகரில் கற்பித்த கெகுலே, 1896 ஜூலை 13ஆம் தேதி அங்கேயே காலமானார். வேதியியலுக்கான நோபல் பரிசு 1901இல் தொடங்கியது. முதல் ஐந்து ஆண்டுகளில் அதைப் பெற்ற வான்ட் ஹாஃப், எமில் ஃபிஷர், பேயர் மூவரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.