வான்கூரை கண்ட ஒலிவர் ஹெவிசைட்

மின்னியல் பயிலும் மாணவர் நாள்தோறும் கையாளும் சமன்பாடுகள் நான்கு உள. மக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் என்பது அவற்றின் பெயர். ஆனால் மக்ஸ்வெல் தம் நூலில் எழுதிவைத்த சமன்பாடுகள் இருபது. அவற்றைப் பிழிந்து நான்காக்கி இன்றைய வடிவிலே தந்தவருள் தலையாயவர் ஒலிவர் ஹெவிசைட். அவர் பல்கலைக்கழக வாயிலை மாணவராக மிதித்தவரல்லர், செவிப்புலன் குன்றியவர், இருபத்துநான்காம் வயதின் பின்னர் எவரிடத்தும் ஊழியம் பாராதவர். வானொலி அலைகளைப் பூமிக்குத் திருப்பியனுப்பும் கூரையொன்று வானத்தே உண்டு என அறையினுள் இருந்தபடியே கண்டுரைத்தவரும் அவரே.

ஹெவிசைட் 1850 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆந் திகதி இலண்டன் மாநகரின் கம்டன் ரவுண் பகுதியிற் பிறந்தார். தந்தையார் அச்சுக்கான படங்களை மரத்திற் செதுக்கும் தொழிலினர். நான்கு ஆண்மக்களுள் ஒலிவரே இளையவர். குழந்தைப் பருவத்திற் கண்ட செங்காய்ச்சல் அவரது செவியைத் தாக்கியது. ஒத்த சிறுவரோடு கூடி விளையாட இயலாமற் போயிற்று. பின்னாளிற் கேள்வி ஓரளவு மீண்டதாயினும், அக்காலத்திற் படிந்த தனிமைக் குணம் மீளவேயில்லை. கல்வியில் வல்லவராயினும் யூக்கிளிட்டின் கேத்திரகணிதம் மட்டும் அவருக்குக் கசந்தது. நிறுவல்களை நெட்டுருப் பண்ணுவித்துச் சிறுவரை வருத்துவது கொடுமை என்பதே அவர் இறுதிவரை கொண்டிருந்த கருத்து. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனைச் சற்றே நின்று எண்ணுதல் தகும்.

பதினாறாம் வயதிற் பள்ளிப்படிப்பு நின்றது. தாயின் உடன்பிறந்தாளை மணந்தவர் தந்தித்துறையிற் புகழ்பெற்ற சார்ள்ஸ் வீற்ஸ்தன். அத்தொடர்பினால் ஒலிவரும் தந்தித் தொழிலிற் புகுந்தார். இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே கடலடியிற் கிடந்த கம்பிவடத்தில் வேலை. நல்ல சம்பளந்தான். ஆயினும் 1874 இல் அதனை உதறிவிட்டுப் பெற்றோர் இல்லத்துக்கு மீண்டு, ஓர் அறையிற் கதவடைத்து அமர்ந்தார். முந்திய ஆண்டில் வெளிவந்த மக்ஸ்வெல்லின் பெருநூல் அவரை ஆட்கொண்டிருந்தது. அதனை விளங்கிக்கொள்ள வேண்டிய கணிதத்தையும் அவர் தாமே கற்க வேண்டியிருந்தது. ஆண்டுகள் பல கழிந்தன. ஆசானின்றிக் கற்ற அம்மாணவர் நூலாசிரியர் விட்ட இடத்தையுங் கடந்து சென்றார்.

கணிதச் செய்கைகளைக் குறியீடுகளாக்கிப் பெருக்கியும் வகுத்தும் விடை காணும் புதுமுறையொன்றை அவர் கையாண்டார். விடை சரியாகவே வந்தது. முறைக்கு நிறுவல் எங்கே என்று கணித அறிஞர் கேட்டனர், அவர் பொருட்படுத்தவில்லை. கலைச்சொல்லாக்கத்திலும் அவர் வல்லவர். தடங்கல், தூண்டுதிறன் என்று நாம் இன்று தமிழிற் கூறுவனவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் அவர் ஆக்கியவையே. சொல்லாக்க முயற்சியில் ஈடுபட்டோர், பொருளைத் தெளியக் கண்டவன் வாயிலேதான் நல்ல சொல் பிறக்கும் என்பதற்கு இவரைச் சான்று காட்டலாம்.

நெடுந்தூரக் கம்பிகளிற் செல்லும் தொலைபேசிப் பேச்சு குழம்பி ஒலிப்பது அக்காலத்தின் பெருங்குறை. குரலில் அடங்கிய பல்வேறு அதிர்வுகள் ஒரே சீராகச் செல்லாமையே அதற்குக் காரணம். கம்பியின் தூண்டுதிறனைத் தக்கவாறு கூட்டினால் அவையெல்லாம் ஒருசேரச் செல்லும், குரல் சிதையாது என்று 1887 ஆம் ஆண்டளவில் ஹெவிசைட் கணித்துக் காட்டினார். தபால் தந்தித் திணைக்களத்தில் மின்னியலாளர் தலைவராகச் செல்வாக்குடன் விளங்கிய வில்லியம் பிரீஸ் கொண்டதோ இதற்கு நேர்மாறான கொள்கை. தூண்டுதிறன் தொலைபேசிக்குப் பகை என்பது அவர் முடிபு. ஒலிவரும், அதே திணைக்களத்திற் பொறியியலாளராயிருந்த தமையன் ஆதரும் சேர்ந்தெழுதிய கட்டுரை வெளிவராது தடுக்கப்பட்டது. அவரது எழுத்தைத் தொடர்ந்து ஏற்றுவந்த மின்னியல் வார இதழின் ஆசிரியரும் அவ்வாண்டிலே பதவியிழந்தார். பதவி பேசும்போது அறிவு வாயடைத்து நிற்பது எந்நாட்டிலும் நிகழ்வதே.

கெல்வின் பிரபு முதலானோர் அவரது பெருமையை எடுத்துரைத்தனர். 1891 இல் அரச கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. ஆனால் அக்கண்டுபிடிப்பின் பயனைக் காசாக்கியவர் வேறொருவர். அமெரிக்காவில் மைக்கேல் புப்பின் என்பார் கம்பிச் சுருள்களை இடையிடையே பொருத்தும் முறைக்கு 1900 இல் காப்புரிமை பெற்றுச் செல்வரானார். காப்புரிமை தேடாத ஹெவிசைட்டுக்கு யாதுங் கிடைக்கவில்லை. 1896 முதல் ஆண்டுக்கு 120 பவுண் அரச உதவிப்பணம் வந்துகொண்டிருந்தது. அதனையும் நண்பர் சிலர் அவரது தன்மானம் புண்படாவாறு மிகப் பக்குவமாகப் பேசியே ஏற்கச் செய்தனர்.

இனி வானத்தின் செய்திக்கு வருவோம். 1901 டிசெம்பர் 12 ஆந் திகதி மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேற்குக் கரையில், நியூபவுண்ட்லாந்திலே, இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலிருந்து கம்பியின்றி அனுப்பிய குறியொலியைக் கேட்டதாக அறிவித்தார். உண்மையிற் கேட்டாரா என்று பின்னாளில் ஐயுற்றோரும் உளர். ஆனால் அடுத்த ஆண்டே கப்பலொன்றிற் சென்றுகொண்டு அவர் நடத்திய சோதனை நெடுந்தூரத் தொடர்பை ஐயமற நிறுவியது. அறிஞரைத் திகைக்க வைத்தது தூரமன்று, பூமியின் உருண்டை வடிவம். அவ்விரு கரைகளுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர். அவற்றை நேர்கோட்டால் இணைத்தால், நடுவே பூமி அக்கோட்டுக்கு மேல் 200 கிலோமீற்றருக்கு அதிகமாகப் புடைத்து நிற்கும். ஒளியைப் போல் நேரே செல்லவேண்டிய அலை அம்மலையை எவ்வாறு தாண்டிற்று?

பிரித்தானிய கலைக்களஞ்சியத்துக்குத் தந்தியியல் பற்றி 1902 இல் எழுதிய கட்டுரையில், ஹெவிசைட் சில வரிகளில் இதற்கு விடை கூறினார். மேல்வானிலே மின்கடத்தும் படையொன்று இருக்கக்கூடும். கீழே கடல் நீரும் மேலே அப்படையும் வழிகாட்ட, இடையே அலை வளைந்து செல்லும் என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் ஆதர் கெனலியும் அவ்வாண்டிலேயே தனித்து இம்முடிபுக்கு வந்தார். காந்தவூசியின் அன்றாட அசைவை விளக்குதற்கு இத்தகைய ஒரு படையை 1882 இலேயே பால்பர் ஸ்ருவேட் கருதியிருந்தார் என்பதும் நியாயம் கருதிச் சொல்லத்தக்கது. எனினும் வானொலியையும் அப்படையையும் பிணைத்துக் கண்ட பெருமை கெனலிக்கும் ஹெவிசைட்டுக்குமே உரியது.

அதனை இன்று அயனமண்டலம் என்கின்றோம். ஞாயிற்றின் புறவூதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வளியின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. கட்டற்ற அவ்விலத்திரன்களே சிற்றலைகளை வளைத்துத் திருப்புகின்றன. ஏறத்தாழ 60 கிலோமீற்றர் உயரத்திலிருந்து பல நூறு கிலோமீற்றர் வரை இது அடுக்கடுக்காக அமைந்துளது. மிகத் தாழ்ந்த அடுக்கு அலைகளைத் திருப்பாது விழுங்கும் இயல்பினது. பகலில் வலுப்பெறும் அது, ஞாயிறு மறைந்ததும் பெரிதும் மறைகின்றது. பகலிற் கேளாத தொலைநாட்டு மத்திய அலை நிலையங்கள் இரவில் தெளிவாக ஒலிப்பது இதனாலேயாம். கொழும்பிலிருந்து சிற்றலையில் எழுந்த இலங்கை வானொலியின் குரல் இந்தியாவின் தொலைப் பகுதிகளிற் கேட்டதும் இக்கூரையின் உதவியினாலேயே.

ஞாயிறு கட்டிய கூரையாதலின், ஞாயிறு சினந்தால் அது குலையும். 2017 செப்ரெம்பர் 6 ஆந் திகதி, கரிபியன் தீவுகளை ஏர்மா சூறாவளி தாக்கிக்கொண்டிருந்த வேளையில் ஞாயிற்றிலே பெருஞ்சுடரொன்று வெடித்தெழுந்தது. உயிர்காக்கும் செய்திகள் செல்லவேண்டிய சிற்றலைத் தொடர்பு அங்கே பல மணி நேரம் தடைப்பட்டது. செய்மதிகளின் துணையால் வழியறியும் ஜி.பி.எஸ். முறையும் இதற்குத் தப்பவில்லை. செய்மதியின் அலை கூரையை ஊடுருவி வருகையிற் சற்றே தாமதிக்கின்றது. இமைப்பொழுதிற் கோடியிலொரு பங்கெனினும் அத்தாமதம் நிலத்திற் பல மீற்றர்ப் பிழையாக முடியும். இரு வேறு அதிர்வெண்களை ஒப்பிட்டுப் பிழையை நீக்குவர். ஆனால் காந்தப்புயல் எழும்போது அத்திருத்தமும் தடுமாறும். 2024 மே மாதப் புயலின்போது, அமெரிக்காவிலே ஜி.பி.எஸ். வழிகாட்ட விதைத்துக்கொண்டிருந்த உழவுப்பொறிகள் வயல்நடுவே வழிதப்பின. புவிக்காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையருகே செல்வதால், அந்திக்குப் பின் அயனமண்டலத்தில் எழும் கொந்தளிப்பு நமது பகுதியில் மிகுதி. தும்பாவில் 1963 இல் இராக்கெற்று ஏவுதளம் அமைந்ததும் அந்நடுக்கோட்டை நோக்கியே.

இவற்றுக்கெல்லாம் வித்திட்டவரின் முதுமை துயரமானது. 1908 முதல் தென்கரை நகராகிய டோர்கியில் வாழ்ந்தார். பின்னாளில் முற்றுந் தனியரானார். எரிவாயுக் கட்டணம் செலுத்த இயலாது குழுமத்தாருடன் பூசல், தெருச்சிறுவரின் தொல்லை. வீட்டுத் தளவாடங்களை அகற்றிக் கருங்கற் பாளங்களை வைத்திருந்தார் என்பர். தம் பெயரின் பின் பட்டம்போல நான்கு ஆங்கில எழுத்துக்களை இட்டார். கூட்டிப் படித்தால் புழு என்று பொருள்படும். பிரீஸ் போன்றோர் இழைத்த தீங்கு பெரிதே. ஆயினும் நீட்டிய கைகளையெல்லாம் தட்டிவிட்ட அவரது செருக்கும் அவ்வறுமைக்கு ஒரு காரணம் என்பதை மறைத்தல் ஆகாது. 1922 இல் மின்பொறியியலாளர் நிறுவனம் பரடேயின் பெயரால் நிறுவிய பதக்கத்தை முதன்முதல் அவருக்கே அளித்தது. தலைவரே வீடு தேடிச் சென்று கொடுத்தார்.

1924 டிசெம்பரில் எட்வேட் அப்பிள்டனும் மைல்ஸ் பானற்றும் ஒரு சோதனை நடத்தினர். போர்ன்மத் நகரிலிருந்த பி.பி.சி. நிலையம், ஒலிபரப்பு முடிந்த நள்ளிரவில் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றியவாறு அலைகளை அனுப்பியது. ஒக்ஸ்போர்ட்டிற் கேட்ட ஒலி ஏறியுந் தணிந்தும் வந்தது. நிலத்தின் வழியே வந்த அலையும், வானத்திற் பட்டு மீண்ட அலையும் ஒன்றோடொன்று கலந்தமையின் விளைவு அது. அவ்வேற்றத்தாழ்வை எண்ணிக் கூரையின் உயரம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் எனக் கணித்தனர். அயனமண்டல ஆய்வுகளுக்காக அப்பிள்டன் 1947 இல் நோபல் பரிசு பெற்றார். சோதனையின் முடிவு 1925 மார்ச்சு மாதத்தில் அச்சேறியது. ஏணியினின்றும் வீழ்ந்து நோயுற்றிருந்த ஹெவிசைட் அதற்கு முந்திய மாதம் 3 ஆந் திகதி காலமானார். பேண்டன் மயானத்திற் பெற்றோரின் கல்லறையிலேயே அவரையும் அடக்கஞ் செய்தனர்.