குடியிருந்த மண்ணுக்காக வாதாடிய பெருமகன்: அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான்

பலாங்கொடைத் தோட்டப் புறங்களிலே லயத்துக் காம்பராவில் விளக்கேற்றிப் படித்த மாணவர் பலருக்கு, தாம் பிறந்து வளர்ந்த அக்காம்பரா எவருக்குரியது என்னும் வினா இளமையிலேயே எழுந்திருக்கும். அவ்வினாவைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டோருள் முன்னிற்பவர் அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான். அன்னாரின் வரலாற்றை அவ்வினாவை முன்னிறுத்தி ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தமிழகத்தின் முனப்புதூர் என்னும் சிற்றூரில் 1913 ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கருப்பையா தொழில் தேடி இலங்கை போந்து, கங்காணியாகி, பின்னர் இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கே உடையவரானவர். 1924 இல் மைந்தர் இங்கு வந்து கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியிற் கற்றார். 1939 இல் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியபோது, அதன் கம்பளைக் கிளையிற் பணிபுரியத் தொடங்கினார். தோட்ட முதலாளியின் மகன் தொழிலாளரின் பக்கம் நின்றமை பலருக்கு வியப்பளித்தது. 1945 இல் அவர் காங்கிரசின் தலைவரானார்.

அடுத்த ஆண்டே பெருஞ் சோதனை வந்தது. கேகாலை மாவட்டத்து உந்துகொடையிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தை, நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்கவென அரசாங்கம் சுவீகரித்தது. ஆங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேறவேண்டுமெனக் கட்டளை பிறந்தது. கிராமத்தவரின் நிலப்பசி பொய்யன்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் அவர்தம் முன்னோரின் காடுகளையும் சேனைகளையும் தோட்டத் துரைமாருக்கு ஆக்கிக்கொடுத்தது. ஆயின் அப்பழைய அநீதிக்கு ஈடுசெய்யும் சுமை, காட்டை அழித்துத் தோட்டமாக்கியோரின் பிள்ளைகள் தலையில் ஏற்றப்பட்டது. தோட்டமே தாயகமாகக் கொண்டவர்க்குச் செல்லுமிடம் வேறெதுவும் இருக்கவில்லை. அவர்கள் அகல மறுத்தனர். காங்கிரஸ் அவர்கட்குத் துணைநின்றது. அயற்றோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர்.

அரசாங்கம் அத்துமீறிப் புகுந்த குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தது. செல்வநாயகம் என்னும் தொழிலாளி குற்றவாளியெனக் கீழ்மன்று தீர்ப்பளிக்க, வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1950 இல் அக்கழகம் தண்டனையை நீக்கியது. தமக்கு உரிமையுண்டென நேர்மையாக நம்பி ஓரிடத்தில் இருப்பவரை, அவ்வுரிமை சட்டத்தின்முன் நில்லாவிடினும், பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்குடைய குற்றவாளியாகக் கொள்ளலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். லயத்தில் வாழ்ந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் பெயர் சட்ட நூல்களில் இடம்பெற்றது இவ்வாறேயாம்.

எனினும் வழக்கு வென்றதற்குள் நாடு மாறிவிட்டது. 1947 இல் தொண்டமான் நுவரெலியாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 இல் அவர் சத்தியாக்கிரகம் நடத்தினார். உரிமையற்றவரை நிலத்தினின்று எழுப்புதல் எளிதென்பதை அவர் நேவ்ஸ்மயரில் கண்டிருந்தார்.

1970 களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது பழைய அச்சம் மீண்டது. 1977 இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக்கொடுக்க அரசாங்கம் முற்பட்டது. தொழிலாளர் எதிர்த்தெழுந்தனர். மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் பொலீசாரின் துப்பாக்கிச் சூட்டிற் சிவனு லெட்சுமணன் உயிர் நீத்தார். நிலப்பிரிப்பு நின்றது.

1978 இல் தொண்டமான் அமைச்சரானார். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, பலாங்கொடைப் பகுதிகளில் வன்செயல் மூண்டு தோட்ட மக்கள் உடைமை இழந்து ஓடியபோது, அமைச்சரவையில் இருந்தும் இதைத் தடுக்க இயலவில்லையே எனப் பலர் மனம் வெதும்பினர். அக்குறையை மறைத்தல் வரலாறாகாது. ஆயினும் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சிய நாடற்றோர் பிரசாவுரிமை பெற்றதில் அவரது இடையறா முயற்சிக்குப் பெரும்பங்குண்டு. 1999 ஒக்டோபர் 30 இல் அவர் மறைந்தார்.

வாக்குச்சீட்டு வந்துவிட்டது, ஆயினும் குடியிருக்கும் மண்ணுக்கு உறுதியற்ற குடும்பங்கள் லயங்களில் இன்னும் பல. அக்காம்பராக்களிலிருந்து வந்து கற்றுயர்ந்த பழைய மாணவர் வழக்கறிஞராயும் ஆசிரியராயும் அலுவலராயும் விளங்குகின்றனர். பெருமகனார் விட்டுச்சென்ற வினாவுக்கு விடைகாணுங் கடன் அவர்களதேயாம்.