முற்றத்தை மீட்ட மேதை ஜெஃப்ரி பாவா

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)

ஐப்பசி, கார்த்திகை வந்துட்டா எங்க கொத்தமங்கலம் வீட்டுல ஒரு வாடை வரும். துணி காயாத வாடை, சுவரில் ஓதம் ஏறின வாடை. பீரோவுக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பூக்கும். அப்பத்தாவுக்கு இழுப்பு வந்துவிடும். இத்தனைக்கும் எங்களுடையது புதுக் கான்கிரீட் வீடு. நாலு வீடு தள்ளி இருக்கிற பழைய செட்டியார் வீட்டு வளவில் அதே மழைநாளில் போய் நின்றால் மூச்சு தாராளமாக வரும். ஏன் இந்த வித்தியாசம்?

விடை தேடப் போனபோது, கடலுக்கு அந்தப் பக்கம் வாழ்ந்து மறைந்த ஒருவரின் வரலாறு கிடைத்தது. நம் ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் வட்டிக்கடை வைக்கப் போன அதே கொழும்பில், 1919ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் பிறந்தவர் ஜெஃப்ரி பாவா.

தந்தை பெயர் பெற்ற வக்கீல். மகனும் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, லண்டனில் பாரிஸ்டர் ஆனார். ஆனால் கறுப்பு அங்கியில் அவர் மனசு ஒட்டவில்லை. தொழிலை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்க என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதைத் தன் கனவுத் தோட்டமாக மாற்றத் தொடங்கினார். கனவு இருந்தது, கட்டிட அறிவு இல்லை. எனவே மறுபடியும் மாணவரானார். லண்டன் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் படித்து 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38! ஒரு அரியர் விழுந்ததற்கே வாழ்க்கை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

கொழும்பு திரும்பி, எட்வர்ட்ஸ் ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் வேலையைத் தொடங்கினார். முதலில் அவரும் மேல்நாட்டுப் பாணியில்தான் வெள்ளைச் சுவரும் கோடு போட்ட மாதிரி எடுப்பான வடிவமுமாகக் கட்டினார். ஈரக்காற்றும் பருவமழையும் சேர்ந்த இலங்கையில் அந்தப் பாணி தாக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைச் சுவர் கறுத்துப் போகும், நனைந்த சுவர் காயாது. பாவா தன் படிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. இந்த மண்ணில் முன்னோர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அகலமான தாழ்வாரம், சரிவான ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம். பதில் அங்கேயே இருந்தது.

1962இல் பாத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காக அவர் கட்டி முடித்த வீடு அதற்குச் சாட்சி. அப்போது இலங்கையில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. எனவே உள்ளூர்ப் பொருட்களை வைத்தே கட்டினார். வெளியே சுற்றுச்சுவர், உள்ளே வானம் பார்த்த பெரிய முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், ஓரங்களில் சின்னச் சின்ன முற்றங்கள். நகரத்து மனையில் முற்றம் வைப்பது வீண் என்று நினைத்த காலத்தில், முற்றம்தான் வீட்டின் மூக்கு என்று காட்டிவிட்டார். 2009இல் அந்த இடம் கைமாறியபோது, வீட்டைப் பிரித்து எடுத்துப் போய் லுனுகங்கவில் மறுபடி எழுப்பினார்கள்.

இதில் என்ன பொறியியல் இருக்கிறது? சமையல், குளியல், காயப்போட்ட துணி, நம் மூச்சு என எல்லாமே வீட்டுக்குள் நீராவியைச் சேர்க்கின்றன. வெளியேற வழியில்லாவிட்டால் அது குளிர்ந்த சுவரில் படியும். அறையின் ஈரப்பதம் நாள் கணக்கில் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாத் தொல்லை கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. முற்றமுள்ள வீட்டில் சூடான காற்று மேலே ஏறி வெளியே போகும். அந்த இடத்துக்குத் திண்ணைப் பக்கமிருந்து புதுக்காற்று வரும். மழைநாளில் வெளிக்காற்றும் ஈரம்தான். ஆனாலும் காற்று ஓடினால் அடுப்புப் புகையும் ஆவியும் தங்காது. தாழ்வாரம் சுவரை நனைய விடாது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி, வெயில் வந்ததும் திருப்பி விட்டுவிடும்.

பெரிய மனை இல்லையே என்கிறீர்களா? பாவாவின் கொழும்பு வீடும் முதலில் ஒரு சந்தில் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகள்தான். 1959 முதல் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கினார். இடையிடையே வெளிச்சமும் காற்றும் இறங்கச் சிறு திறப்புகள் விட்டார். அந்த வீட்டில் நிற்கும் தூண்களில் சில நம் செட்டிநாட்டுத் தூண்கள் என்பது நமக்குப் பெருமை!

1970களில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கு 12 மாடிக் கட்டிடத்தையே இயற்கைக் காற்றோட்டத்தை நம்பி வடிவமைத்தார். அவருடைய கூட்டாளியாகப் பல ஆண்டுகள் தோள் கொடுத்தவர் பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியாளர். மதுரை கோச்சடையில் மதுரா கோட்ஸ் நிறுவனத்துக்காக அவர் கட்டிய கிளப், இப்போது ஒரு ஓட்டலின் பகுதியாக இருக்கிறது. 1982இல் திறந்த இலங்கை நாடாளுமன்றமும் அவர் கைவண்ணமே.

அவர் செய்த எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. மழை ஒழுகாமலிருக்க நெளி சிமெண்டு ஷீட் போட்டு, அதன்மேல் நாட்டு ஓடு பரப்புவது அவர் பாணி. அந்தக் காலத்து ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு என்று இன்று தெரியும். அவர் யோசனையை எடுத்துக்கொள்வோம், அந்த ஷீட்டை விட்டுவிடுவோம்.

1998இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சை இழந்தார். 2001இல் ஆகா கான் கட்டிடக்கலை விருதின் தலைவர் சிறப்பு விருது அவரைத் தேடி வந்தது. 2003 மே 27இல் மறைந்தார்.

இதையெல்லாம் படித்த பிறகுதான் எங்கள் வீட்டை ஒழுங்காகப் பார்த்தேன். ஏசி போட்டபோது வென்டிலேட்டரையெல்லாம் அப்பா சிமெண்டு வைத்து அடைத்திருந்தார். சாதாரண ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றி விடும், புதுக்காற்றைக் கொண்டு வராது. கொசு வரும், எலி வரும் என்று அப்பா மறுத்தார். கொத்தனாரும் அவர் பக்கம்தான். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு அப்பத்தா அறையில் மட்டும் எதிரெதிராக இரண்டு வென்டிலேட்டரைத் திறந்து கம்பிவலை அடித்தோம். அடுப்படியில் வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று வைத்தோம். பீரோவை ஒரு சாண் நகர்த்தினோம். பூசணம் முழுசாப் போயிடலை. ஆனால் போன கார்த்திகையில் அப்பத்தா ராத்திரி எழுந்து உட்காராமல் தூங்கினார்கள்.

தோழர்களே, நாளை நாம் போடப்போகும் ஒவ்வொரு பிளானிலும் யாரோ ஒரு அப்பத்தா மூச்சு விடப்போகிறார்கள். கதவு, ஜன்னல் அளவு எழுதும்போது, காற்று எங்கே வரும், எங்கே போகும் என்றும் இரண்டு அம்புக்குறி போடுவோம். பாவாவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.