ஜாம்ஷெட்ஜி டாட்டா ஆலை நடத்திய திறன்

வியாபாரம் ஒன்றைத் தொடங்குதல் எளிது. தொடங்கியதனை நாடோறும் கண்ணுங் கருத்துமாய் நடத்திப் பயன் காண்டல் அரிது. இதற்கு ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா அவர்களின் வாழ்க்கையே தக்க சான்றாமென்று நாம் கருதுகின்றோம். இரும்புத் தொழிலுக்குத் திட்டம் வகுத்தவர் என அவரை அறிவார் பலர். அவர் தொழில் கற்ற பள்ளி நூலாலைகளே என்பதை அறிவார் சிலரே.

அப்பெரியார் 1839ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் குஜராத்திலுள்ள நவசாரியில் பார்சிக் குருமார் குடியிற் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்றபின் தந்தையாரின் வியாபாரத்திற் சேர்ந்தார். 1868இல் ரூ. 21,000 முதலிட்டுத் தனியே வாணிகந் தொடங்கினார். அடுத்த ஆண்டு, முறிந்து கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி நூலாலையாக்கி, இரண்டாண்டில் இலாபத்திற்கு விற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று லங்காஷயர் ஆலைகளை நேரிற் கண்டு வந்தார்.

1874இல் ரூ. 15 லட்சம் மூலதனத்தில் கம்பெனி ஒன்று நிறுவினார். ஆலைகள் மலிந்த பம்பாயை விட்டு, பஞ்சு விளையும் இடத்தை அடுத்ததும் இருப்புப்பாதையும் நிலக்கரியும் எளிதில் வாய்ப்பதுமான நாகபுரியைத் தேர்ந்தார். சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்பக் கண்டு, பொன்னை மண்ணிற் புதைக்கின்றாரெனப் பொருளாளர் ஒருவர் கடனுதவ மறுத்தனராம். எம்பிரஸ் ஆலை 1877 ஜனவரி முதல் நாள் திறக்கப்பெற்றது. அதற்கு மானேஜராக அவர் அமர்த்திய பெஜோன்ஜி மேத்தா இருப்புப்பாதை உத்தியோகஸ்தர்; நெசவுத்தொழில் அறியாதவர். எனினும் ஆளுந்திறன் கண்டு முழுப் பொறுப்பையும் அவர்பால் ஒப்புவித்தார்.

முதலில் வாங்கிய யந்திரங்கள் விலை மலிவானவை; ஆதலின் நூலும் தாழ்ந்ததாயிற்று. டாட்டா பிழையை மறையாது, நல்ல யந்திரங்களை வருவித்தார். தொழிலாளர் அடிக்கடி வேலைக்கு வாராதிருந்தபோது தண்டத்தை மட்டும் நம்பாமல், காற்றோட்டமும் வசதியும் செய்து, 1886இல் ஓய்வூதிய நிதியும் 1895இல் விபத்துக்கு ஈடும் ஏற்படுத்தினார்.

அன்பர்களே, இத்துணை கற்றவரும் மீண்டும் ஒரு முறை மலிவிற்கு மயங்கினார். 1886இல் குர்லாவிலிருந்த தரம்சி ஆலையை ரூ. 12½ லட்சத்திற்கு வாங்கி, சுதேசி ஆலை எனப் பெயரிட்டார். வாங்கிய பின்னரே யந்திரங்களின் பழுது முற்றும் வெளிப்பட்டது. நட்டம் பெருகிற்று; பங்குகளின் விலை வீழ்ந்தது; கடன் கொடுப்போரும் கைவிரித்தனர். அவர் பெயரே கெடும் நிலை வந்தது. கைகழுவி விட்டிருப்பின் பணமிட்டோர் பலர் வருந்தியிருப்பர். அவரோ தம் சொந்தச் செல்வத்தை அதில் இட்டார், நாகபுரியிலிருந்து தேர்ந்த ஆட்களை வரவழைத்தார், யந்திரங்களைப் புதுக்கினார். சில ஆண்டுகளில் ஆலை தலை நிமிர்ந்தது.

1904 மே 19ஆம் நாள் ஜெர்மனியில் அவர் காலமானார். அவர் கருதிய இரும்பாலைக் கம்பெனி 1907இலும் விஞ்ஞானக் கழகம் 1909இலும் தோன்றின. எம்பிரஸ் ஆலை பிற்காலத்தில் மூடப்பட்டதாயினும், அவர் கைக்கொண்ட முறை பழுதுறவில்லை.

கடை வைத்திருப்போரும் ஆலை நடத்துவோரும் இதனை உள்ளத்திற் கொள்வாராக. மலிவென்று வாங்கியது பின்னர் இருமடங்கு விலை கேட்கும். பிழை நேர்தல் மானக்கேடன்று. கண்ட பிழையைத் திருத்தாது விடுதலே மானக்கேடு. தக்காரைத் தேர்ந்து பொறுப்பளித்து, பணமிட்டோரையும் உழைப்போரையும் ஒருங்கே காப்பவனே முதலாளி என்னும் பெயர்க்கு உரியன்.