பெயர் மறைக்கப்பட்ட சாட்சியங்கள்

போரில் நடந்ததைச் சொல்பவர்களிடம் எங்கள் ஊர்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி, ஆதாரம் எங்கே என்பதுதான். அதே கேள்வியோடு நூறாண்டுகளுக்கு முன்னர் கொங்கோ ஆற்றோரக் கிராமங்களுக்குப் போனவர் ரொஜர் கேஸ்மென்ட்.

1864இல் டப்ளின் அருகே பிறந்த ஐரிஷ்காரர். 1903இல் கொங்கோவில் பிரித்தானியக் கொன்சல். பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் றப்பருக்காக மக்கள் கொல்லப்படுவதாக வந்த செய்திகளை விசாரிக்கப் புறப்பட்டார். அரச படகில் போனால் அரசு காட்டுவதைத்தான் பார்க்கலாம். அதனால் அமெரிக்க மிஷனரிகளின் நீராவிப் படகை வாடகைக்கு எடுத்தார். 1887இல் தான் கண்ட ஊர்களை இப்போதைய நிலையோடு ஒப்பிட்டார். ஒரே வகைக் கொடுமையை வெவ்வேறு ஊரவர்கள் சொல்கிறார்களா என்று பார்த்தார்.

எபொண்டோ என்ற சிறுவன், கம்பனிக் காவலாளி ஒருவன் தன் கையை வெட்டியதாகச் சொன்னான். கேஸ்மென்ட் அந்தக் காவலாளியையும் ஊரவர்களையும் நேருக்கு நேர் நிறுத்தி விசாரித்தார். அவர் போன பின்னர் அதிகாரிகள் சிறுவனை மீண்டும் விசாரித்தனர். காட்டுப்பன்றி கடித்தது என்றான். அந்த ஒரு வாக்குமூலத்தை வைத்தே முழு அறிக்கையையும் பொய்யாக்க லியோபோல்ட் தரப்பு முயன்றது. ஆனால் அறிக்கை ஒரு சிறுவனை மட்டும் நம்பி எழுதப்படவில்லை. மன்னரே நியமித்த விசாரணை ஆணைக்குழு 1905இல் அதன் அடிப்படை முடிவுகளை உறுதிப்படுத்தியது. சாட்சி சொன்னதை மாற்றினால், மாற்றும்போது எதிரில் இருந்தவர் யார் என்றும் பார்க்கவேண்டும்.

1904இல் அறிக்கை வெளியானபோது லண்டன் வெளிவிவகார அலுவலகம் ஆட்களின், ஊர்களின் பெயர்களை நீக்கி வெறும் எழுத்துகளைப் போட்டது. நம்பகத்தன்மை போய்விடும் என்று கேஸ்மென்ட் கோபப்பட்டார். அவரது கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நான் எழுதும்போது பெயர்களை மறைக்கிறேன். பெயர் போட்டால் அந்த வீட்டுக்கு ஆள் வரும். போடாவிட்டால் கட்டுக்கதை என்பார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் சாட்சிகள் இன்னும் நிற்கிறார்கள்.

1910இல் அமேசனின் புட்டுமாயோவில் அவருக்கு இன்னும் சிக்கலான சாட்சிகள் கிடைத்தனர். கம்பனிக்கு வேலை செய்த பார்படோஸ்காரர்கள், தாங்களே பழங்குடியினரைச் சவுக்கால் அடித்தவர்கள். குற்றவாளி சொல்வதை எப்படி நம்புவது? தங்களுக்கே பாதகமானதையும் அவர்கள் ஒப்புக்கொண்டனர். பழங்குடியினரின் உடல்களில் இருந்த தழும்புகளும் அவர்கள் சொன்னதோடு பொருந்தின.

1911இல் கேஸ்மென்டுக்கு சேர் பட்டம் கிடைத்தது. அயர்லாந்தின் விடுதலைக்காக ஜெர்மனியின் உதவியை நாடியதற்காக, 1916 ஓகஸ்ட் 3ஆம் திகதி அதே பிரித்தானியா அவரைத் தேசத்துரோகியாகத் தூக்கிலிட்டது. அதற்கு முன்னர், அவருக்கான ஆதரவை உடைக்க அவரது அந்தரங்க நாட்குறிப்புகள் இரகசியமாகச் சுற்றவிடப்பட்டன.

கேஸ்மென்டின் பெயரைக் கெடுத்தும் கொங்கோ அறிக்கையைப் பொய்யாக்க முடியவில்லை. அது அந்தக் கிராமத்தவர்களின் சாட்சியத்தில் நின்றது.