பாபா மெகர் சிங்

போர் விமானி என்றதும், எதிரியைச் சுட்டு வீழ்த்துபவர் என்னும் எண்ணமே நம் உள்ளத்தில் முதலில் எழுகின்றது. முற்றுகையிடப்பட்ட ஊருக்கு அரிசியும் மருந்தும் சுமந்து சென்று, திரும்பும்போது காயம்பட்டோரையும் அகதிகளையும் ஏற்றிவந்த விமானங்களை நடத்திய ஒரு வீரரைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றேன். அவர் பெயர் மெகர் சிங். விமானப் படையினர் அவரை அன்போடு பாபா என்று அழைத்தனர்.

சிந்தாதிரிப்பேட்டைக்காரனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேலி செய்வதுண்டு. எங்கள் பேட்டை 1734இல் நெசவாளர்களைக் குடியேற்ற உண்டாக்கப்பட்டது. தறிக்கும் விமானத்துக்கும் உறவில்லைதான். ஆனால் பேட்டையை ஒட்டிய மவுண்ட் ரோடில், சிம்சன் கம்பெனியார் துணையோடு டி ஏஞ்சலிஸ் என்னும் ஓட்டல் முதலாளி ஒரு விமானம் செய்து, 1910இல் பல்லாவரத்தில் பறந்து காட்டினார் என்பதை நண்பர்கள் மறந்துவிடுகின்றனர். அது கிடக்கட்டும்.

மெகர் சிங் 1915ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள லயால்பூரில் பிறந்தார். இங்கிலாந்தில் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயின்று 1936இல் அதிகாரியானார். இந்திய விமானப்படைக்கு அன்று இருந்தது ஒரே ஒரு படைப்பிரிவு. வாபிட்டி என்னும் பழைய இருதட்டு விமானங்களில், மேற்கூரை இல்லாத இருக்கையில் அமர்ந்து, வடமேற்கு எல்லை மலைகளின் மேல் பறக்க வேண்டும். ஒருமுறை வசீரிஸ்தானத்தில் தரையிலிருந்து பாய்ந்த குண்டுகளால் இவரது விமானம் பழுதுற்று மலைச்சரிவில் இறங்கியது. இவரும் உடன் சென்ற துப்பாக்கி வீரரும் பழங்குடியினர் கண்ணில் படாமல் இரவில் நடந்தே இராணுவக் காவல் நிலையை அடைந்தனர். மறுநாளே மீண்டும் பறக்கச் சென்றுவிட்டார். வெள்ளையருக்காக மலைமக்களோடு நடத்திய போரல்லவா அது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அக்காலத்து இந்திய அதிகாரிகள் எல்லோரும் அந்த முள்ளின்மேல்தான் நடந்தார்கள்.

இவர் வாழ்வில் நம் தமிழகத்துக்கும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 டிசம்பர் 1ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் ஆறாவது படைப்பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் இவரே. ஹரிகேன் விமானங்களில் பயிற்சி பெற்ற அப்பிரிவு, 1943 இறுதியில் பர்மா எல்லையிலுள்ள அரக்கான் போர்முனைக்குச் சென்றது. இருவர் இருவராகப் பறப்பார்கள். ஒருவர் தாழ்ந்து சென்று ஜப்பானியர் நிலைகளை உளவறிய, மற்றவர் பின்னால் காவல் காப்பார். பதினான்காம் சேனையின் கண்கள் என அப்பிரிவு பெயர் பெற்றது. 1944இல் மெகர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. இந்திய விமானப்படையில் அவ்விருதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

புத்தகங்கள் இந்த விருதைத்தான் பெரிதாக எழுதுகின்றன. எனக்கோ அதற்குப் பின் வந்த ஓராண்டே பெரிதாகத் தோன்றுகின்றது.

1947 அக்டோபர் 27ஆம் நாள் முதல், காஷ்மீரைக் காக்க டகோட்டா விமானங்கள் ஸ்ரீநகருக்குப் படைகளைக் கொண்டுசென்றன. அப்போர்முனையின் விமானப் படைக்கு மெகர் சிங் பொறுப்பேற்றார். பூஞ்ச் நகரம் பகைவரால் சூழப்பட்டிருந்தது. உள்ளே ஒரு சிறு படையும், சுமார் 40,000 அகதிகளும். உணவு தீர்ந்துகொண்டிருந்தது. படைத்தலைவர் பிரீதம் சிங், அகதிகளின் உழைப்பைக் கொண்டே ஓர் ஓடுதளம் அமைத்தார். எங்கள் பேட்டையைக் கூவம் மூன்று பக்கம் வளைத்து ஓடுவதுபோல், அத்தளத்துக்கு மூன்று பக்கமும் நீரோடைகள். சுற்றிலும் மலைகள், மலைகளில் பகைவரின் துப்பாக்கிகள். அங்கே டகோட்டா இறங்குமா என்பதே ஐயமாக இருந்தது. 1947 டிசம்பரில் முதன்முதலில் இறங்கியவர் மெகர் சிங். பிறரை அனுப்பிவிட்டு அறையில் அமர்ந்திருக்கும் பதவியில்தான் அவர் இருந்தார். ஆயினும் தாமே சென்றார். அதன் பிறகு இளைய விமானிகள் தயங்க இடம் ஏது? சுமார் மூன்று டன் சுமையோடு விமானங்கள் வந்த வண்ணம் இருந்தன. இரவில் எண்ணெய் விளக்குகளின் ஒளியிலும் இறங்கின. 1948 நவம்பரில் முற்றுகை விலகும்வரை பூஞ்ச் வீழவில்லை. சஞ்சீவி மலையைச் சுமந்த அனுமன் ஒருமுறைதான் பறந்தான். இவர்கள் ஏறத்தாழ ஓராண்டு பறந்தார்கள்.

இன்று இத்தகைய பணிக்கு ஹெலிகாப்டர் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் மேல் அவை உணவுப் பொட்டலம் போட்டதைச் சிறுவனாக நான் பார்த்திருக்கின்றேன். ஆனால் நம் விமானப்படைக்கு முதல் ஹெலிகாப்டர் வந்தது 1954இல்தான். மெகர் சிங் காலத்தில் டகோட்டாவே எல்லாம்.

1948 மே மாதம் கார்கில் பகைவர் வசமாகவே, லே நகருக்குத் தரைவழி அடைபட்டது. சோனம் நோர்பு என்னும் லடாக் பொறியாளர், ஊர் மக்களைக் கொண்டு சிந்து நதிக்கரையில் ஓர் ஓடுதளம் அமைத்தார். அதன் உயரம் ஏறத்தாழ 10,700 அடி. நம் தொட்டபெட்டாச் சிகரமே 8,650 அடிதான். மே 24ஆம் நாள், படைத்தலைவர் திம்மய்யாவை உடன் ஏற்றிக்கொண்டு மெகர் சிங் புறப்பட்டார். காற்றழுத்த வசதி இல்லாத விமானம். முறையான வரைபடம் இல்லாத வழி. சுமார் 23,000 அடி உயரத்தில் பனிமலைகளைக் கடந்து லேயில் இறங்கினார். அவ்வழியே ஜூன் முதல் கூர்க்காப் படையினர் வந்திறங்க, லே காப்பாற்றப்பட்டது. இவருக்கு மகாவீர சக்ரா விருது வழங்கப்பட்டது.

அவ்வாண்டிலேயே, போர் முடியுமுன், முப்பத்து மூன்று வயதில் அவர் விமானப்படையிலிருந்து விலகினார். இத்தகையவரைப் படை எவ்வாறு விட்டுக்கொடுத்தது என்று எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. பின்பு பட்டியாலா மகாராஜாவிடம் பணியாற்றினார். பறப்பதை மட்டும் விடவில்லை. 1952 மார்ச் 16ஆம் நாள், ஜம்முவிலிருந்து டெல்லிக்குச் சிறிய விமானம் ஒன்றில் வரும்போது புயலில் சிக்கி, டெல்லிக்கு அருகே விழுந்து மாண்டார். முப்பத்தேழு வயது நிறைய நான்கு நாட்களே இருந்தன. மலைகளும் குண்டுகளும் செய்யாததை ஒரு மாலைக் காற்று செய்துவிட்டது.

2018இல் விமானப்படை, மெகர் பாபா என்னும் அவர் பெயராலேயே ஒரு போட்டியை அறிவித்தது. பேரிடரில் உதவும்படி கூட்டமாகப் பறக்கும் ஆளில்லா விமானங்களை இந்தியர் உருவாக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஓட்டுபவன் இல்லாத வான ஊர்தியைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் எப்போதோ பாடிவிட்டார் என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கின்றோம். இச்செய்தியை எங்கள் இயற்பியல் துறை நண்பர்களிடம் சொன்னேன். பரிசுத் தொகை எவ்வளவு என்று முதலில் கேட்டார்கள். பூஞ்ச் எங்கே இருக்கிறது என்று பிறகு கேட்டார்கள். நூலகத்திலிருந்து நிலப்பட நூலை எடுத்துவந்து காட்டினேன்.