வில்லியம் ஃபாரர்

வில்லியம் ஜேம்ஸ் ஃபாரர் (ஏப்ரல் 3, 1845 – ஏப்ரல் 16, 1906) இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த வேளாண் ஆய்வாளர் ஆவார். ஆஸ்திரேலியத் தட்பவெப்பத்திற்கு ஏற்ற கோதுமை வகைகளை உருவாக்கியமைக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஃபாரர், காசநோய் காரணமாக 1870 இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1875 முதல் 1886 வரை நியூ சவுத் வேல்ஸ் அரசில் நில அளவையாளராகப் பணியாற்றினார். பின்னர் லாம்ப்ரிக் என்னும் தமது நிலத்தில் கோதுமை ஆய்வில் முழுமையாக ஈடுபட்டார்.

கோதுமை ஆய்வு

அக்காலத்தில் அங்கு பயிரிடப்பட்ட கோதுமை வகைகள் பல தாமதமாக முதிர்ந்தன. மணி பிடிக்கும் பருவத்தில் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் துரு நோய் பரவியது. மழை பொய்த்தால் மணிகள் சுருங்கின. 1889 இல் துரு நோயால் பெருஞ்சேதம் ஏற்பட்டது. விரைவில் முதிரும் பயிர் இவ்விரண்டிலிருந்தும் தப்பும் எனக் கருதிய ஃபாரர், முன்னதாக முதிரும் இந்தியக் கோதுமையையும் மாவின் தரம் மிக்க கனடாவின் ஃபைஃப் கோதுமையையும் கலப்பினம் செய்தார். வேதியியலாளர் ஃபிரடெரிக் குத்ரி சிறிதளவு மணிகளை அரைத்து மாவின் தரத்தைச் சோதித்து உதவினார்.

1898 இல் அரசு இவரைக் கோதுமை ஆய்வாளராக நியமித்தது. 1901 இல் வெளியிடப்பட்ட ஃபெடரேஷன் இவரது புகழ்பெற்ற வகையாகும். இவ்வகை துரு நோயை எதிர்க்கும் திறனால் அன்றி, முன்னதாக முதிர்வதாலேயே நோயிலிருந்து தப்பியது. 1910 முதல் 1925 வரை ஆஸ்திரேலியாவில் இதுவே பெரிதும் பயிரிடப்பட்டது. அவ்வெற்றியைக் காணுமுன்னரே ஃபாரர் லாம்ப்ரிக்கில் காலமானார்.

நினைவு

1966 முதல் 1988 வரை வெளியிடப்பட்ட ஆஸ்திரேலிய இரண்டு டாலர் தாளில் இவரது உருவம் இடம்பெற்றிருந்தது.